எட்டாயிரம் ஷில்லிங்

ஐந்து மணிக்குள் எழுதிவிட வேண்டும்.
ஐந்தரைக்குப் படகுகள் மணலை விட்டுவிடும்.
செஸே தீவில், முசேன்யுத் துறையில்,
மீன் நிறுக்கும் கொட்டகையை ஒட்டி
ஒரு கரும்பலகை, மூன்று கொடிகள், நான்.
பச்சை. மஞ்சள். சிவப்பு.
வானத்துக்கு மூன்று நிறம் போதாதென்று
எனக்கும் தெரியும்.

பகலில் கரை சுடும், ஏரி சுடாது.
சுட்ட காற்று இளகி எழும்,
எழுந்த இடத்துக்கு ஏரி தன் காற்றை அனுப்பும்.
அதனால் பிற்பகல் மேகமெல்லாம்
வாழைத் தோட்டங்களுக்கு.

இருட்டியதும் கணக்குப் புரளும்.
மண் ஊதாரி.
வாங்கிய வெயிலை ஒன்பது மணிக்குள் தொலைத்துவிடும்.
தண்ணீர் கஞ்சம்,
விடியும்வரை முந்தியில் முடிந்து வைத்திருக்கும்.
உகாண்டாவிலிருந்து ஒரு காற்று,
கென்யாவிலிருந்து ஒன்று, தான்சானியாவிலிருந்து ஒன்று,
எந்தச் சாவடியிலும் முத்திரை வாங்காமல்
நடு ஏரியில் முட்டிக்கொள்ளும்.
முட்டியபின் வழியில்லை,
மேலே தவிர.

மேலே போன ஈரம் உறையும்,
உறைந்தது விழும்,
விழுந்ததை எழுகாற்று மறுபடி தூக்கும்.
ஏறுவதும் இறங்குவதும் உரச உரச
மின்னல்.
பூமத்திய ரேகையில் நின்றுகொண்டு
பனிக்கட்டி என்றால் யார் நம்புவார்?
ஆலங்கட்டி ஒருமுறை படகுக்குள் கொட்டியது.
வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நம்பினார்கள்.

சிக்கல் என்னவென்றால், முகேனே மீன்
விளக்குக்கு வரும்.
நிலா இருந்தால் விளக்கை மதிக்காது.
எனவே இருட்டு எவ்வளவோ
வலை அவ்வளவு.
நான் பயப்படும் இரவுகளும்
அவர்கள் காத்திருக்கும் இரவுகளும்
ஒன்றே.

"முப்பது விழுக்காடு என்கிறாய் நபுகீரா,
என் படகு முப்பது விழுக்காடு போய்வர முடியுமா?"
கேட்டவன் கிவானுக்கா.
பெயரே இடிக்கடவுளின் பெயர்.
"இதுபோலப் பத்து மாலை வந்தால்
மூன்றில் இடிக்கும் என்று அர்த்தம்."
"சரி. இது அதில் எத்தனையாவது மாலை?"

போன வாரம் மூன்று நாள் சிவப்பு ஏற்றினேன்.
மூன்று இரவும் விண்மீன் தெறித்துக் கிடந்தது.
மீன் காயப்போடும் பரண்கள் வெறும் கம்பி.
"அந்தத் துணியைக் கொடு,
மகளுக்குச் சட்டை தைக்கிறேன்," என்றாள் நம்பூசி,
சிரிக்காமல்.

வியாழனன்று பச்சை.
பலகையில் இருபது என்று எழுதினேன்.
இரவு இரண்டு மணிக்குத் தகரக் கூரை என்னை எழுப்பியது.
மின்னலிலிருந்து இடிவரை எண்ணினேன்.
ஒன்பது நொடி. மூன்றால் வகுத்தால் மூன்று கிலோமீட்டர்.
அடுத்தது ஆறு.
அதற்கடுத்தது
வகுக்க எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

பதினேழு போயிருந்தன.
விடிந்து எண்ணினால் பதினாறு.
மறுபடி எண்ணினேன், கவிழ்த்துப் போட்ட பழைய படகையும் சேர்த்து,
அதைக் கழித்து.
ஒன்பது மணிக்கு
பக்கத்துத் தீவுப் படகொன்று கயிறு கட்டி
பதினேழாவதை இழுத்து வந்தது.
கிவானுக்கா உள்ளே நின்று
தகர டப்பாவால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்,
கரை தட்டிய பிறகும்.

பிற்பகல் என் மேசைமேல் ஒரு விளக்கை வைத்தான்.
கண்ணாடி இல்லை, கழுத்து நெளிந்திருந்தது.
"நாற்பதாயிரம் ஷில்லிங்."
"இருபது விழுக்காடு என்றேன்.
வராது என்று சொல்லவில்லையே."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்படியானால் இருபது விழுக்காடு கொடு."

எட்டாயிரம்.
கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வாசல்வரை போனவன் திரும்பினான்.
"இன்றைக்கு?"
மணி மூன்றுதான் ஆகியிருந்தது.
தலைமை அலுவலகத்துப் படம் இன்னும் வரவில்லை.
தெற்கே ஒரு மேகம், தலை தட்டையாக,
எதையும் ஒப்புக்கொள்ளாமல்.
"ஐந்து மணிக்கு," என்றேன்.

அவன் போகவில்லை.
வலையைத் தூக்கி வந்து
கரும்பலகைக்குக் கீழே விரித்து உட்கார்ந்து
கிழிசல்களை ஒவ்வொன்றாகத்
தைக்க ஆரம்பித்தான்.